குடல் மாத்திரையும் விடாத இருமலும்: என் அனுபவம்

அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்னும் பெருங்குடல் அழற்சிக்கு மூன்று மாதமாக மெசலமைன் மாத்திரை சாப்பிட்டு வந்தேன். வயிறு அடங்கியது, வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. மாலையானால் காய்ச்சல். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையப் படி ஏறினாலே மூச்சு வாங்கியது.

நிமோனியா என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பலனில்லை. சளிப் பரிசோதனையில் காசநோயும் இல்லை. ஒவ்வாமையிலும் வயிற்றுப் பூச்சியிலும் கூடும் வெள்ளணு வகையான ஈஸ்னோபில் இரத்தத்தில் 18 சதவீதமாக உயர்ந்திருந்ததால் பூச்சி மாத்திரையும் சாப்பிட்டேன். அதுவும் வீண். இருபது நாள் போயிற்று.

துப்பு தற்செயலாகக் கிடைத்தது. விழுப்புரத்தில் ஒரு திருமணத்துக்குப் போனபோது மாத்திரை டப்பாவை மஞ்சக்குப்பம் வீட்டில், பிரிட்ஜுக்கு மேலேயே மறந்துவிட்டேன். நான்கு நாளில் காய்ச்சல் நின்றது, இருமலும் பாதியானது. ஊர் திரும்பி மாத்திரையைத் தொடங்கிய மறுநாள் மாலையே இரண்டும் வந்துவிட்டன. தேதிகளைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டு புதுச்சேரியில் ஒரு நுரையீரல் மருத்துவரைப் பார்த்தேன். அந்தத் தாளைத்தான் அவர் முதலில் படித்தார். சிடி ஸ்கேனில் இரு நுரையீரல்களின் ஓரங்களிலும் வெண்திட்டுகள். மெசலமைன் அரிதாக நுரையீரலில் இப்படி ஈஸ்னோபில் அழற்சியை உண்டாக்கும் என்றார். என் குடல் மருத்துவரிடம் பேசிவிட்டு மருந்தை நிறுத்தினார். சில வாரம் ஸ்டீராய்டு கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார்.

மாற்றாகச் சல்பாசலசைன் எடுக்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றார், அதுவும் குடலில் பிரிந்து மெசலமைனைத்தான் தருகிறதாம். இது எனக்குத் தெரியாது.

ஆறாவது வாரம் ஸ்கேன் தெளிவாக வந்தது. பெரிய நிம்மதி. மருத்துவக் கோப்பின் அட்டையில் ‘மெசலமைன் ஆகாது’ என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.