டிராக்டர் டிரெய்லர் வாங்கும் முன்: கனமான பாரத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாக டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் பட்டறையில் முதலில் கேட்பது, "எத்தனை டன் இழுக்கும்?" என்பதுதான். பட்டறைக்காரரும் "அஞ்சு டன் தாராளமா இழுக்கும்ண்ணே" என்று சொல்லிவிடுவார். அது பொய் இல்லை, சமமான தார்ச்சாலையில் 45 எச்.பி. டிராக்டர் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் இறக்கத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தால், அந்த ஐந்து டன்னையும் நிறுத்த வேண்டியது டிராக்டரின் இரண்டு பின்சக்கரங்கள் மட்டும்தான், ஏனென்றால் நம் ஊரில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களுக்கு முன்சக்கரத்தில் பிரேக் கிடையாது, டிரெய்லர்கள் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. அதனால் எவ்வளவு எடையைப் பத்திரமாக நிறுத்த முடியும் என்பதிலிருந்து கணக்கை ஆரம்பியுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த வரிசையில்தான்.

1. எதை ஏற்றப் போகிறீர்கள்? முதலில் எடைக் கணக்கு

பெட்டியின் அளவை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 120 கன அடி, அதாவது ஒன்றேகால் யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 100 கன அடி) கொஞ்சம் குறைவு. இதில் நெல்லை மூட்டை கட்டாமல் விளிம்பு வரை கொட்டினால் ஏறக்குறைய 2 டன். அதே பெட்டியில் காய்ந்த மணலை விளிம்பு வரை கொட்டினால் 5.4 டன் வரும். மணல் நன்றாக நனைந்திருந்தால் இன்னும் ஏறும். செங்கல் ஒன்று 3 கிலோ என்று வைத்தால் 1,500 கல்லுக்கு 4.5 டன். வைக்கோலோ பெட்டிக்கு மேல் ஆள் உயரம் அடுக்கினாலும் எடை பெரிதாக ஏறாது, அங்கே பிரச்சினை உயரமும் காற்றும்தான்.

ஆகவே வருடத்தில் நீங்கள் ஏற்றப்போவதில் மிகக் கனமான பொருள் எது என்று யோசித்து எழுதிக்கொள்ளுங்கள். மணல், ஜல்லி, செம்மண் அதிகம் ஏற்றுவீர்கள் என்றால் பக்கத் தகட்டின் உயரத்தைக் குறைத்து வாங்குவது நல்லது. உயரமான பெட்டி இருந்தால் "இன்னும் இடம் இருக்கே" என்று லோடு ஏற்றுகிறவர் கொட்டிக்கொண்டே இருப்பார், நாமும் சும்மா நிற்போம்.

இன்னொன்று, பெட்டியின் காலி எடையையும் சேர்த்துத்தான் மொத்த எடை. காலி எடை 1.3 டன், பாரம் 4 டன் என்றால் டிராக்டருக்குப் பின்னால் வருவது 5.3 டன். டிராக்டர் 2 டன். இரண்டும் சேர்ந்து 7.3 டன். பத்தடி போனால் ஓரடி இறங்கும் சரிவில் இது உங்களைக் கீழே தள்ளும் விசை 700 கிலோவுக்கு மேல்.

2. பிரேக்

டிரெய்லர் வாங்குகிற பலர் கடைசியாகக் கூடக் கேட்காத விஷயம் இது, அதனால்தான் இரண்டாவதாகவே வைக்கிறேன். பிரேக் இல்லாத டிரெய்லரில் என்ன ஆகும்? நீங்கள் டிராக்டர் பிரேக்கை மிதிக்கிறீர்கள், டிராக்டர் வேகம் குறைகிறது, டிரெய்லர் குறையவில்லை, அது கொக்கி வழியாக டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. நேராக இருந்தால் தள்ளிக்கொண்டு போகும், வளைவில் இருந்தால் டிராக்டரைப் பக்கவாட்டில் மடக்கிவிடும். டிராக்டர் கவிழும் விபத்துகளில் இது ஒரு முக்கியமான காரணம்.

என் அளவுகோல் இதுதான்: பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை டிராக்டரின் எடையைத் தாண்டக் கூடாது. 2 டன் டிராக்டர் என்றால் 2 டன் மொத்தம். இது ரொம்பக் குறைவு என்று பலர் சொல்வார்கள். சரி, அதற்கு மேல் வேண்டும் என்றால் பிரேக் உள்ள டிரெய்லர் வாங்குங்கள். சிலவற்றில் டிரெய்லர் முன்னால் தள்ளும்போது அந்தத் தள்ளுதலாலேயே ஒரு லீவர் இழுபட்டுச் சக்கரப் பிரேக் பிடிக்கும். இதில் பின்னால் எடுக்கும்போதும் பிரேக் பிடித்துக்கொள்ளும், அதை விடுவிக்கப் பூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொன்று, டிராக்டரிலிருந்து குழாய் வைத்து ஹைட்ராலிக்கிலோ ஏரிலோ இயங்குவது. இதுதான் நல்லது, ஆனால் உங்கள் டிராக்டரில் அதற்கான இணைப்பு இருக்க வேண்டும். எது வாங்கினாலும் நிறுத்தி வைக்க ஒரு ஹேண்ட் பிரேக் கட்டாயம் இருக்கட்டும், கல்லை அண்டக் கொடுத்தே காலத்தை ஓட்டாதீர்கள்.

சாலையில் ஏறும்போது டிராக்டரின் இடது, வலது பிரேக் பெடல்களைச் சேர்த்துப் பூட்டிவிடுங்கள். வயலில் திரும்புவதற்காகப் பிரித்து வைத்ததை அப்படியே விட்டு ரோட்டுக்கு வந்து, பாரத்தோடு ஒரு பெடலை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாக வெட்டி இழுக்கும்.

3. இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா?

இரண்டு சக்கர டிரெய்லரில் ஆக்ஸில் (சக்கரங்களை இணைக்கும் அச்சு) பெட்டியின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அதனால் பாரத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டரின் பின்சக்கரத்தில் இறங்கும், சேற்றில் டயருக்குப் பிடிப்பு கிடைக்கும். வயலிலிருந்து நெல் எடுக்கவும் எரு அடிக்கவும் இதுதான் வசதி. ஆனால் பாரம் முன்பக்கம் குவிந்தால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காது, பின்பக்கம் குவிந்தால் கொக்கி மேலே தூக்கி, பின்சக்கரப் பிடிப்பும் போய்விடும்.

நான்கு சக்கர டிரெய்லர் தன் எடையைத் தானே தாங்கிக்கொள்ளும். செங்கல், கரும்பு என்று தார்ச்சாலையில் தூரம் போகிறவர்களுக்கு இது சரி. முன் ஆக்ஸில் டர்ன்டேபிளில் (சுழலும் வட்டத் தட்டில்) திரும்புவதால் பின்னால் எடுப்பது கடினம், பழகியவர்களே திணறுவார்கள். புதிதாக ஆரம்பிப்பவருக்கு இரண்டு சக்கர டிப்பர் (பெட்டியைத் தூக்கிச் சாய்த்துக் கொட்டும் வகை)தான் என் தேர்வு.

4. சேசிஸும் தகடும்

பட்டறையில் பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள், குனிந்து அடியில் பாருங்கள். சேசிஸில் (அடிச்சட்டத்தில்) நீளவாக்கில் போகும் இரண்டு சி சேனல்கள்தான் (சி வடிவ இரும்புச் சட்டங்கள்) முதுகெலும்பு. 4 இஞ்ச் சேனல் மீட்டருக்கு ஒன்பதரை கிலோ, 6 இஞ்ச் சேனல் பதினாறரை கிலோ. எடை ஒன்றே முக்கால் மடங்குதான், ஆனால் வளையாமல் தாங்கும் பலம் இரண்டரை மடங்குக்கும் மேல், ஏனென்றால் வளைவைத் தடுப்பதில் உயரத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அதனால் 4 இஞ்ச் சேனலில் கூடுதல் பட்டி அடித்துத் தருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாமல், காசு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து 6 இஞ்சே கேளுங்கள். குறுக்குச் சேனல்கள் ஒன்றரை அடிக்கு மேல் இடைவெளி விட்டிருந்தால் தகடு சீக்கிரம் குழி விழும்.

அடித்தகட்டில்தான் ஏமாற்றுவது எளிது. 5 மி.மீ. என்று சொல்லி 4 மி.மீ. போட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எடைக்குத் தெரியும். 10 அடிக்கு 6 அடித் தகடு 5 மி.மீ. என்றால் ஏறக்குறைய 219 கிலோ, 4 மி.மீ. என்றால் 175 கிலோ. ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே சேனல் அளவு, தகட்டின் தடிமன், காலி எடை மூன்றையும் பில்லில் எழுதி வாங்கிவிட்டு, டெலிவரி எடுக்கும் நாளில் எடை மேடையில் ஏற்றிச் சரிபாருங்கள். விளிம்பில் வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்தும் பார்த்துவிடலாம்.

டிராபார் (டிராக்டரின் கொக்கியில் மாட்டும் முன்நீட்டு) சேசிஸோடு சேரும் இடத்தில் வெல்டிங் முழு நீளத்துக்கு ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும், அங்கங்கே பொட்டு வைத்தது போல் இருந்தால் வேண்டாம். அந்த மூலையில் முக்கோணத் தகடு வைத்து வலுப்படுத்தியிருந்தால் நல்ல பட்டறை என்று நம்பலாம்.

5. ஆக்ஸில், கமான் பட்டை, டயர்

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கப் பழகுங்கள். 7.50-16 டயரில் 122/121 என்று போட்டிருந்தால், தனியாக மாட்டும் டயர் 1,500 கிலோ தாங்கும் என்று பொருள். இரண்டு டயருக்கு 3 டன். அதில் பெட்டியே 1.3 டன் போனால் மிச்சம் 1.7 டன், கொக்கியில் டிராக்டர் தாங்குவதைச் சேர்த்தாலும் இரண்டு, இரண்டேகால் டன்தான். டிராக்டர் மெதுவாகப் போவதால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மை, ஆனால் நம் கிராமத்துச் சாலைக் குழிகள் அந்தச் சலுகையைத் தின்றுவிடும். நான்கு டன் வேண்டும் என்றால் 9.00-20 போன்ற பெரிய டயரும், அதற்கேற்ற தடிமனான ஆக்ஸிலும், கமானில் (அதிர்வைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கில்) கூடுதல் பட்டையும் கேட்க வேண்டும். டயரை மட்டும் பெரிதாக்கினால் பாரம் போய் ஆக்ஸிலில் உட்காரும்.

பல பட்டறைகளில் லாரியில் ஓடிக் கழித்த டயர்களையே மாட்டித் தருவார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரொம்பப் பழையது, பக்கவாட்டில் வெடிப்பு விட்டது என்றால் மாற்றச் சொல்லுங்கள்.

6. கொக்கியும் விளக்கும்

பின்னுக்கு (கொக்கியில் போடும் ஆணிக்கு) அடியில் கிளிப் கட்டாயம், அதோடு ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் வையுங்கள். ஆணி நழுவினாலும் டிரெய்லர் தனியாக ஓடாது. பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டுங்கள். பின்விளக்கு எரிய வேண்டும். இருட்டில் விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லரில் பைக்கில் வந்து மோதி உயிர் விட்டவர்கள் எத்தனையோ பேர். சில நூறு ரூபாய் வேலை இது, இதைத் தள்ளிப் போடவே போடாதீர்கள்.

7. ஆவணங்கள்

டிரெய்லருக்குத் தனிப் பதிவு, தனி எண் உண்டு. பதிவு செய்யத் தேவையான ஆவணங்களைப் பட்டறை தருமா என்று முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். விவசாயத்துக்கு என்று பதிவு செய்ததில் வாடகைக்கு மணல் அடித்தால், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பது சிக்கல். ஆட்களை ஏற்றுவதும் அப்படித்தான், அதைச் செய்யவே செய்யாதீர்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவுப்படி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

8. பழையது வாங்கினால்

புதிதாகப் பெயின்ட் அடித்த இடத்தைச் சந்தேகப்படுங்கள், டிராபார் மூலையில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால் அங்கே விரிசலை ஒட்டியிருக்கலாம். பெட்டியின் மூலைவிட்டம் இரண்டையும் டேப்பில் அளந்து பாருங்கள், வித்தியாசம் அதிகம் என்றால் சேசிஸ் கோணலாகியிருக்கிறது. டயர் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்ஸில் வளைந்திருக்கலாம். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள், ஆடினால் பேரிங் செலவு இருக்கிறது. டிப்பர் என்றால் தூக்கி நிறுத்தி, பெட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கியில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள், ஆனால் முட்டுக் கொடுக்காமல் பெட்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஆர்.சி.-யில் இருக்கும் சேசிஸ் எண்ணும் இரும்பில் அடித்திருப்பதும் ஒன்றா என்று பார்த்துவிட்டு, கடன் பாக்கி இல்லை என்ற சான்றையும் வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்.

9. முதல் லோடு

முதல் லோடைப் பாதி பாரத்தோடு, பக்கத்து ஊர் தூரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இறக்கம் வரும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், நியூட்ரலில் இறக்கவே கூடாது. போய்ச் சேர்ந்ததும் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதியை) தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் இறுக்கமாக இருக்கிறது அல்லது பிரேக் உரசுகிறது. பிறகு சக்கர நட்டுகளையும் கமான் பட்டையைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள், புதுப் பெயின்ட் அழுந்தி அவை தளர்ந்துதான் இருக்கும். முழு பாரம் ஏற்றிய முதல் லோடுக்குப் பிறகும் இதே வேலையை இன்னொரு முறை செய்யுங்கள்.