பேசிக்கொண்டே காரை ஸ்டார்ட் செய்கிறீர்களா?

போனில் பேசியபடியே காரில் ஏறி சாவியைத் திருப்பினால், சில நொடிகளில் புளூடூத் இணைந்து எதிர்முனைக் குரல் கார் ஸ்பீக்கரில் ஒலிக்கத் தொடங்கும். பின்சீட்டில் மாமனார் இருந்தால் அவருக்கும் எல்லாம் கேட்கும்! அந்தரங்கப் பேச்சு என்றால் போன் திரையில் உள்ள ஆடியோ பட்டனைத் தொட்டு, கார் பெயருக்குப் பதிலாக போனையே தேர்ந்தெடுங்கள். வண்டியை நகர்த்தும் முன் பேசி முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, இன்ஜினை அணைத்து வைத்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பல கார்களில் குரல் சட்டென்று நின்றுவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் அந்தக் கணத்தில் பேட்டரியிலிருந்து ஏராளமான மின்சாரத்தை இழுக்கும். அதற்காக ஸ்டீரியோவுக்குப் போகும் மின்சாரத்தைக் காரே துண்டித்துவிடுகிறது. பெரும்பாலும் அழைப்பு கட் ஆகியிருக்காது, போனுக்கு மாறியிருக்கும். பதறிப்போய் மறுபடி டயல் செய்யாமல் போனைக் காதில் வைத்துப் பாருங்கள். ஸ்டீரியோ உயிர்பெற்றதும் பேச்சு தானாகவே ஸ்பீக்கருக்குத் திரும்பிவிடும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் முதலில் ஸ்டார்ட் செய்துவிட்டு, திரையில் போன் பெயர் வந்தபின் அழையுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஸ்டீரியோ அணைந்து மீள நெடுநேரம் பிடித்தால், அப்புறம் பேட்டரியையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.