ஒரே வகுப்பறை, தனித்தனி வட்டங்கள்: பெற்றோரும் ஆசிரியரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பிள்ளைக்கு நண்பர்கள் குறைவு என்றால், உடனே அதன் கூச்ச சுபாவத்தின் மீது பழி போடுவது வழக்கமான தவறு. பள்ளி விட்டதும் தம்பி தங்கையைக் கவனிக்க வீட்டுக்கு ஓட வேண்டிய பிள்ளைக்கும், மாலை முழுவதும் விளையாட்டுத் திடலில் இருக்க முடிகிற பிள்ளைக்கும் பிறரோடு பழகக் கிடைக்கும் நேரமே வேறு. நண்பர்களை அழைத்து உட்காரவைக்க வீட்டில் இடமில்லாத பிள்ளை, பதிலுக்கு அழைக்க வேண்டி வருமே என்று பிறர் வீட்டு அழைப்புகளையும் தட்டிக்கழிக்கத் தொடங்குகிறது.

வெவ்வேறு பின்னணியினரை ஒரே பள்ளியில் சேர்த்துவிட்டால் நட்பு தானாக மலரும் என்று நம்புவது இதைவிடப் பெரிய தவறு. பொருளியலாளர் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் 25 முதல் 44 வயது வரையிலான ஏறத்தாழ 7.2 கோடிப் பேரின் ஃபேஸ்புக் நட்புகளை ஆராய்ந்து, 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். வசதி குறைந்தோருக்கும் வசதி மிக்கோருக்கும் இடையே நட்பு அரிதாக இருப்பதற்கு, ஏறக்குறையப் பாதி அளவுக்கு அவர்கள் சந்திக்கவே வாய்ப்பில்லாததும், மறுபாதி அளவுக்கு ஒரே இடத்தில் இருந்தும் பழகாமல் ஒதுங்குவதும் காரணம் என்று அவர்கள் கண்டனர். பெரிய பள்ளிகளில் இந்த ஒதுக்கம் கூடுதலாம். ஆட்கள் பெருகும்போது தன்னைப் போன்றவர்களையே தேடிச் சேர்ந்துகொள்வது எளிதாகிவிடுகிறதல்லவா? மதிப்பெண்ணை வைத்து வகுப்புகளைப் பிரிக்கும் பள்ளி, தான் சேர்த்துவைத்தவர்களைத் தானே பிரித்துவிடுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். கூட்டாகச் செய்யும் பயிற்சிகளில் குழுக்களை மாணவர்களே அமைத்துக்கொள்ளட்டும் என்று ஆசிரியர் விட்டுவிடுவதும், நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும், பழைய வட்டங்களையே இறுக்குகிறது.

நெருங்கிய நண்பர்கள் நாலு பேர் போதும் என்ற அறிவுரை மனத்துக்கு இதம் தரலாம்; வேலை தேடும் வயதில் அது போதாது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களில் சுமார் 17 விழுக்காட்டினரே அடிக்கடி சந்திப்பவரிடமிருந்து தகவல் பெற்றிருந்தனர். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. குடும்பத்தின் வழியாக, நெருங்கிய வட்டத்துக்கு வெளியே அறிமுகங்கள் கிடைக்காத பிள்ளைகளுக்குப் பழைய மாணவர்களின் தொடர்பைப் பள்ளி ஏற்படுத்தித் தருவது, ஒழுக்க உரை நிகழ்த்துவதைவிடப் பயனுள்ளது என்பேன்.

வீட்டில் நடக்கும் தவறு சிறியதாகத் தோன்றும். புதிய நண்பனைப் பற்றிச் சொல்லும்போது, “அவன் அப்பா என்ன வேலை பார்க்கிறார்?” என்பதே பெற்றோரின் முதல் கேள்வியாக இருந்தால், பிள்ளை அடுத்த முறை நண்பர்களைப் பற்றி வாய் திறக்காது, அல்லது அந்தக் கேள்விக்குப் பெற்றோர் விரும்பும் பதில் உள்ளவர்களோடு மட்டுமே பழகத் தொடங்கும்.