ரெக்கார்ட் பண்ண பழைய படத்துல கிளைமாக்ஸ் கட் ஆகாம இருக்க

1954ல வந்த அந்த நாள் படத்த செட்டாப் பாக்ஸ்ல டைமர் போட்டு ரெக்கார்ட் பண்ணேன், அம்மாவோட உக்காந்து பாத்தா கொலைகாரன் யாருன்னு தெரியுற நேரத்துல ஸ்க்ரீன் அப்படியே கருப்பாயிடுச்சு. பாட்டே இல்லாத படம், முழுக்க அந்த ஒரு கேள்விய நம்பித்தான் போகுது, மனசே ஆறல.

காரணம் என்னன்னா பாக்ஸ் ப்ரோக்ராம் கைடுல போட்டிருக்க நேரத்துக்கு கரெக்டா நிறுத்திடும், ஆனா விளம்பரத்தால படம் இழுத்துட்டே போகும். அதனால கைடுல படத்த செலக்ட் பண்ணி ரெக்கார்ட் குடுக்காதீங்க, மேனுவல் டைமர்ல போய் முடியுற நேரத்த நீங்களே ஒரு மணி நேரம் தள்ளி வைங்க. அந்த ஆப்ஷன் இல்லன்னா அடுத்த ப்ரோக்ராமையும் சேத்து ரெக்கார்ட் போட்டுடுங்க.

பென் டிரைவ்ல இடம் இருக்கான்னு பாருங்க, சாதாரண சேனலுக்கு மணிக்கு சுமார் 2 ஜிபி ஆகும், ஹெச்டின்னா இன்னும் நிறைய. பென் டிரைவ எஃப்ஏடி32ங்கற (FAT32) பழைய ஃபைல் முறைல ஃபார்மட் பண்ணிருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, சில பாக்ஸ் அங்கயே நின்னுடும், மொதல்ல ஒரு மூணு மணி நேரம் சும்மா ஓடவிட்டு டெஸ்ட் பண்ணிடுங்க.

முடிஞ்சதும் கடைசி அஞ்சு நிமிஷத்த மட்டும் ஓட்டிப் பாருங்க, வணக்கம் கார்டு வந்துச்சா? அப்புறம் எல்லாரையும் கூப்பிடுங்க. ஏற்கனவே கட் ஆயிடுச்சுன்னா யார்கிட்டயும் முடிவ கேக்காதீங்க, பழைய படம் திரும்பத் திரும்பப் போடுவாங்க, காத்திருங்க.