லேசர் பேனா விட்டு விட்டு எரிகிறதா? ஸ்பிரிங்கை இழுப்பதற்கு முன்...

தட்டினால் எரிகிறது, அசைத்தால் அணைகிறது. உடனே மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கைக் குறட்டால் பிடித்து ஓர் இழுப்பு. நானும் அப்படித்தான் ஒரு பச்சை லேசரைக் கெடுத்தேன். இழுத்த ஸ்பிரிங் கோணிக்கொண்டது. மூடியை இறுக்கும்போது செல்லின் குமிழை விட்டு விலகி, ஓரத்துப் பிளாஸ்டிக் உறைமேல் போய் உட்கார்ந்தது. அதுவரை விட்டு விட்டாவது எரிந்தது, அன்றோடு அதுவும் போச்சு. பழுது ஸ்பிரிங்கிலேயே இல்லை, மூடியின் மரையில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தப் பேனாக்களில் உலோக உடம்பே ஒரு ஒயர். செல்லின் ஒரு முனை நேராக உள்ளே சர்க்யூட் போர்டைத் தொடும். மறுமுனை மூடி, மரை, குழாய் என்று சுற்றிக்கொண்டு போர்டுக்குப் போகும். குழாயின் மேலே இருக்கும் நிறப்பூச்சில் மின்சாரம் பாயாது. மரையும் குழாயின் விளிம்பும்தான் வெறும் உலோகம். கை வியர்வையும் கறுத்த அழுக்கும் சேருவதும் அங்கேதான்.

மூடியைக் கழற்றிவிட்டு, செல்லின் வெளிமுனையையும் குழாயின் விளிம்பையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, லேசரைச் சுவரைப் பார்க்கப் பிடித்து பட்டனை அழுத்துங்கள். நிலையாக எரிந்தால் கோளாறு மூடிப் பக்கம். செல்போன் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்து மரையையும் விளிம்பையும் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒயரால் இணைத்தும் மங்கினால் உள்பக்க ஸ்பிரிங், போர்டு, பட்டன் என்று உள்ளே தேடலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஸ்பிரிங்கின் மேல்பூச்சு போய்விட்டால் கொஞ்ச நாளில் துருப்பிடிக்கும். எண்ணெய் விடுவதும் வேண்டாம், அது அழுக்கைச் சேர்த்து வைக்கும்.

மல்டிமீட்டரில் இரண்டு செல்லும் சேர்ந்து 3 வோல்ட் காட்டுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது சும்மா இருக்கும்போது காட்டும் அளவு. பச்சை லேசர் ஒன்று 300 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அழுக்கினால் 1 ஓம் தடை கூடினாலே 0.3 வோல்ட் அங்கேயே போய்விடும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு!

சாவிக்கொத்து லேசர் வேறு கதை. அதில் 3 பட்டன் செல்கள், பெரும்பாலும் எல்ஆர்44, சேர்ந்து 4.5 வோல்ட். அவற்றைச் சுற்றி ஒரு காகிதச் சுருள் இருக்கும். ஏதோ பேக்கிங் என்று நினைத்துத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. அதுதான் இன்சுலேஷன். பட்டன் செல்லின் பக்கச்சுவர் முழுக்க பிளஸ். நடு செல்லின் சுவர் உலோகக் குழாயில் பட்டால் பக்கத்து செல் ஷார்ட் ஆகிவிடும். சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளை இடைவெளியில் திணிப்பதும் இதே வம்பைத்தான் கொண்டுவரும். இடைவெளி உண்மையிலேயே இருந்தால், செல்லைவிடச் சிறிய செம்புத் தகடு ஒன்று போதும்.

இன்னொன்று, டார்ச் பழக்கத்தில் பிளஸ்ஸை முன்பக்கம் பார்க்கப் போடுவது. லேசர்கள் பலவற்றில் உடம்புதான் பிளஸ். அதனால் செல்லின் பிளஸ் மூடியைப் பார்த்து இருக்க வேண்டும். உடம்பில் உள்ள குறியைப் பார்த்துப் போடுங்கள். மலிவான பேனாவில் மாற்றிப் போட்டால் தாங்கும் பாதுகாப்பு இருக்காது.

அல்கலைன் செல் கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஒரு துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடையுங்கள். அப்புறம் ஆல்கஹால், அப்புறம் நன்றாக உலரவிட வேண்டும். பொடி போர்டு வரைக்கும் போயிருந்தால் புதிது வாங்குவதே மேல்.

கண் விஷயத்துக்கு வருவோம். எரிகிறதா என்று துவாரத்துக்குள் எட்டிப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. லூஸ் கனெக்‌ஷன் எந்த நொடியில் சேரும் என்று யாருக்கும் தெரியாது. பச்சை லேசரில் ஒரு சூதும் உண்டு. உள்ளே 808 நானோமீட்டர் அலைநீளத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி தரும் டையோடு ஒரு படிகத்தைத் தூண்டி 1064 ஆக்கும், இன்னொரு படிகம் அதை 532 ஆக்கும். அதுதான் நாம் பார்க்கும் பச்சை. கரண்ட் குறையும்போது பச்சை நின்றுபோன பிறகும் அகச்சிவப்பு வரலாம். மலிவானவற்றில் பல, அதைத் தடுக்கும் ஃபில்டர் இல்லாமலே வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் இமையும் மூடாது. எனவே மங்கலாகத்தானே இருக்கிறது என்ற தைரியம் கூடாது. கண்ணாடி, பீரோக் கதவு போன்ற பளபளப்பான எதன் மேலும் சோதிக்காதீர்கள். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் போதும்.

கழற்றிய பட்டன் செல்களை வேலை முடியும்வரை ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டு வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்து, ஒரு செல் குறைகிறது என்றால் லேசரை அப்படியே வைத்துவிட்டு முதலில் அந்த செல்லைத் தேடுங்கள். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரிதான்.