பரங்கி விதை கலக்காமல் இருக்க: பூ கட்டும் முறை

பக்கத்துக் கொல்லையில் வேறு ரகப் பரங்கி இருந்தாலும் இந்தப் பட்டத்துக் காயைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. தோல், சதை, ருசி எல்லாம் தாய்க்கொடியின் குணத்தில்தான் இருக்கும். கலப்பு விதைக்குள் உட்கார்ந்திருக்கும். அடுத்த பட்டத்தில் அதை ஊன்றி, கொடி வளர்ந்து, காய் திரண்ட பிறகுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் ஒரு வருடம் போய்விடும்.

விதை உற்பத்தியில் சான்று விதைக்கு (விவசாயிக்கு விற்கும் விதை) 500 மீட்டர், ஆதார விதைக்கு (சான்று விதையை உண்டாக்கும் மூல விதை) 1000 மீட்டர் என்று ரகத்துக்கு ரகம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். வீட்டுத் தோட்டத்திலும் ஒன்றிரண்டு ஏக்கர் நிலத்திலும் இது நடக்காது. அங்கே பூவைக் கட்டிவைத்து, கையால் மகரந்தம் சேர்ப்பதுதான் வழி. வெண்பூசணி, சுரை, பீர்க்கு, புடலை பக்கத்தில் இருந்தால் கவலை வேண்டாம், அவை பரங்கியோடு கலக்காது. ஆனால் கோ 1, கோ 2, அர்க்கா சந்தன், ஊர் நாட்டுப் பரங்கி ஆகிய பரங்கி ரகங்கள் ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கும்.

கொடியில் முதலில் ஒரு வாரம், பத்து நாளுக்கு ஆண் பூ மட்டுமே வரும். நீண்ட மெல்லிய காம்பில் நிற்பது ஆண். குட்டைக் காம்பில், அடியில் உருண்டைப் பிஞ்சோடு இருப்பது பெண். மார்கழியில் வாசல் கோலத்துச் சாணிப் பிள்ளையாருக்கு ஆண் பூவாகப் பார்த்துப் பறித்தால் காய்ப்பு குறையாது. கட்டிவைத்த மொட்டில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று வீட்டில் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இனி கட்டும் வேலை. முக்கால் பங்கு வெற்றி முதல் நாள் மாலையிலேயே முடிவாகிவிடுகிறது. பரங்கிப் பூ விடியும்போது விரிந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். அந்த ஒரு காலைதான் அதன் ஆயுள். விரிந்த சில நிமிடங்களில் தேனீ வந்துவிடும், நீங்கள் காபி குடித்துவிட்டு வரும்வரை அது காத்திருக்காது. ஆகவே மாலை நாலரைக்கு மேல், இருட்டுவதற்குள், மறுநாள் விரியப்போகும் மொட்டுகளைத் தேடிக் கட்டிவிட வேண்டும்.

எது நாளைக்கு விரியும்? முழு நீளத்துக்கு வளர்ந்து, பச்சை மாறி நுனியிலிருந்து மஞ்சள் ஏறி, நுனி லேசாக நெகிழ்ந்திருக்கும் மொட்டு. முழுக்கப் பச்சையாக, குட்டையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தவறுவது வேறு இடத்தில்: அன்று காலை விரிந்து மூடிய பூவை நாளைய மொட்டு என்று நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். தொட்டுப் பாருங்கள். மொட்டு விறைப்பாக, முறுக்கிய கூர்நுனியோடு இருக்கும். மூடிய பூ துவண்டு, நுனி உள்பக்கமாகச் சுருங்கி, ஈரத்துணி போலக் கிடக்கும்.

கட்டுவதற்கு 1 அங்குல அகல மாஸ்கிங் டேப் போதும். மொட்டின் மேல் மூன்றில் ஒரு பங்கில் ஒரு சுற்று சுற்றி, முனையை ஒட்டாமல் சிறிது மடித்துவிடுங்கள். காலையில் பிரிக்க அந்த மடிப்புதான் பிடி. ரொம்பக் கீழே சுற்றினால் மேலே நுனி விரிந்து வழி விட்டுவிடும். செலோ டேப் பனி ஈரத்தில் வழுக்கும், ரப்பர் பேண்ட் இதழை அறுக்கும். டேப் இல்லாவிட்டால் பருத்தி நூலால் தளர்வாக ஒரு முடிச்சு போடலாம். கட்டும் முன் மொட்டைச் சுற்றிலும் பாருங்கள். சிவப்பு வண்டு கடித்த ஓட்டை பக்கவாட்டில் இருந்தால் அந்த வழியாகவே தேனீ நுழையும். அந்த மொட்டை விட்டுவிடுங்கள்.

ஒரு பெண் பூவுக்கு 2 அல்லது 3 ஆண் பூ என்று கணக்கு வைத்து, ஆண் மொட்டுகளையும் கட்ட வேண்டும். இங்கேதான் பலர் சோம்பல்படுகிறார்கள். பெண்ணை மட்டும் கட்டிவிட்டு, காலையில் திறந்து நிற்கும் ஆண் பூவைப் பறித்துத் தடவினால் பாடுபட்டதெல்லாம் வீண். அந்த ஆண் பூவில் தேனீ வேறு ரக மகரந்தத் தூளை ஏற்கனவே உதறிவிட்டுப் போயிருக்கும். ஆண் பூவை அதே ரகத்தின் வேறொரு கொடியிலிருந்து எடுத்தால் நல்லது. ஐந்தாறு கொடிக்குக் குறையாமல் வைத்து விதை எடுத்தால் ரகத்தின் வீரியம் நிற்கும்.

காலை 6 மணிக்குக் கொடியடிக்குப் போய்விடுங்கள். 8 மணிக்குள் முடிப்பது நல்லது, வெயில் ஏற ஏறத் தூளின் உயிர் குறையும். ஆண் பூவை ஒரு சாண் காம்போடு நறுக்கி, கட்டை அவிழ்க்காமலே பெண் பூவின் அருகே கொண்டுவாருங்கள். அங்கே வைத்து இதழ்களை உரித்தெடுத்தால் நடுவில் தூள் பூசிய தண்டு மட்டும் நிற்கும். விரலால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். குளிர்ந்த காலையில் தூள் உதிரச் சற்றுத் தாமதமாகும், கொஞ்சம் பொறுங்கள்.

இப்போது பெண் பூவின் டேப்பை இதழ் கிழியாமல் பிரியுங்கள். பிரித்ததும் அது தானாக விரியும். உள்ளே சூல்முடி (தூளை வாங்கிக்கொள்ளும் நடுப் பகுதி) மூன்று மடலாக, ஒவ்வொரு மடலும் இரண்டாகப் பிளந்து இருக்கும். எல்லா மடலிலும் தூள் படுமாறு உருட்டித் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகும் அல்லது பிஞ்சிலேயே உதிரும். தடவும்போது தேனீ உள்ளே புகுந்துவிட்டால், மனம் கேட்காவிட்டாலும், அந்தப் பூவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

முடித்ததும் இதழ்களைக் குவித்துப் புது டேப்பால் மறுபடி மூடுங்கள். இதழ் கிழிந்திருந்தால் பட்டர் பேப்பர் கவரை மாட்டி, பிஞ்சுக்குக் கீழே காம்பில் கட்டுங்கள். பாலிதீன் வேண்டாம், உள்ளே வேர்த்து வெந்துவிடும். மழை தூறும் நாளிலும் பேப்பர் கவர் உதவும், நனைந்த தூள் வெடித்து வீணாகும். இரண்டு மூன்று நாளில் இதழ் காய்ந்ததும் கவரை எடுத்துவிடலாம். காம்பில் கலர் கம்பளி நூலைத் தளர்வாகக் கட்டுங்கள், காம்பு பிறகு விரல் தடிமனுக்குப் பருக்கும். அட்டையில் தேதியைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஒரு மழைக்குத் தாங்காது.

எல்லாம் நிற்காது. இரண்டு காய் வேண்டுமென்றால் நாலைந்து பூவுக்குச் செய்யுங்கள். அதே கொடியில் தேனீயால் பிடித்த காய் ஏற்கனவே திரண்டுகொண்டிருந்தால், கொடி அதற்கே சத்தைக் கொடுத்துப் புதுப் பிஞ்சை உதிர்த்துவிடும். விதைக்கு ஒதுக்கிய கொடியில் முன்னால் பிடித்த காய்களைப் பிஞ்சிலேயே பறித்துக் கூட்டு வைத்துவிடுவது மேல். உதிர்ந்த பிஞ்சை நறுக்கிப் பாருங்கள்: உள்ளே புழு நெளிந்தால் பழ ஈயின் வேலை, அடுத்த முறை பிடித்த பிஞ்சுக்கும் உறை போடுங்கள். சுத்தமாக இருந்தால் தூள் போதவில்லை, அல்லது வெயிலோ கொடியின் பாரமோ காரணம்.

நின்ற காயைக் காம்பு காயும்வரை, நகம் அழுத்தினால் தோலில் இறங்காத நிலை வரும்வரை கொடியிலேயே விடுங்கள். பறித்த பின்னும் 2 முதல் 3 வாரம் நிழலில் வைத்த பிறகு வெட்டினால் விதை நன்றாகத் திரண்டிருக்கும். கழுவி, நிழலில் உலர்த்தி, வளைத்தால் வளையாமல் படக்கென்று ஒடியும் பதத்தில் டப்பாவில் போட்டு, ரகமும் தேதியும் எழுதி ஒட்டிவிடுங்கள்.