உப்புக்காற்று ஊரில் பழைய கார்: கையில் ஒன்றரை லட்சம் வைத்திருப்பவருக்கு

மதுரையில் பழைய கார் வாங்குபவர் முதலில் பானட்டைத் திறப்பார். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கம் வாங்குபவர் முதலில் தரையில் படுக்க வேண்டும். இன்ஜினில் கோளாறு என்றால் மெக்கானிக் சரி செய்துவிடுவார். உப்புக்காற்று தின்ற அடித்தகட்டுக்கு வெல்டிங் வைத்தாலும், அடுத்த வருடம் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை விழும்.

1. பணத்தைப் பிரித்து வையுங்கள்

ஒன்றரை லட்சம் இருந்தால் வண்டிக்கு 1,20,000 மட்டும். மீதி 30,000 டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றச் செலவுக்கு. முழுத் தொகையையும் புரோக்கரிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால், காட்டுகிற வண்டி எல்லாமே சரியாக ஒன்றரை லட்சமாக இருக்கும்.

2. எந்த வண்டி

ஆல்டோ, வேகன்ஆர் போதும். ஸ்பேர் பார்ட்ஸ் ராமநாதபுரத்திலேயே கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். சொகுசு வண்டி இதே விலைக்கு வருகிறதே என்று சபலப்பட வேண்டாம்.

3. அடியில் பாருங்கள்

ஒரு பழைய சாக்கு, டார்ச், ஸ்க்ரூடிரைவர், சின்னக் காந்தம் எடுத்துக்கொண்டு பகலில் போங்கள். சாக்கை விரித்துப் படுத்து, கதவுகளுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று கேட்கும். உளுத்த தகடு 'பொத்' என்னும், துருத்தூள் முகத்தில் கொட்டும். மேலாகப் படிந்த செந்துருவுக்குப் பயப்பட வேண்டாம், செதில் செதிலாக உரிந்தால்தான் ஆபத்து. அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அப்புறம் சக்கர வளைவு, கதவின் அடி விளிம்பு. காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே தகடு இல்லை, பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

டிக்கி மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னி டயரை வெளியே எடுத்துப் பார்க்காமல் வரவே வராதீர்கள். என் முதல் வண்டியில் நான் விட்டது அதைத்தான். முன்பு வைத்திருந்தவர் டிக்கியில் மீன் பெட்டி ஏற்றியிருக்கிறார். உப்புநீர் கசிந்து அந்தக் குழியில் தேங்கி, மூன்று மாதத்தில் ஸ்டெப்னிக்கு அடியில் ரோடு தெரிந்தது. வாசனைத் திரவியம் தூக்கலாக மணக்கும் வண்டியைக் கண்டால் இப்போதும் மேட்டைத்தான் முதலில் தூக்குகிறேன்.

4. ஆறிய இன்ஜினில் ஸ்டார்ட்

'நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானட்டைத் தொட்டால் சூடாக இருக்கக் கூடாது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே போகிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

5. ஓட்டிப் பாருங்கள்

மண்டபம் பக்கம் என்றால் பாம்பன் சாலைப் பாலமே நல்ல பரீட்சை. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்க இன்ஜின் மட்டும் இரைந்து வேகம் ஏறவில்லையா? கிளட்ச் பிளேட் போய்விட்டது. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதைப் பாலத்தில் பார்க்காதீர்கள். அங்கே காற்றே வண்டியைத் தள்ளும்.

6. காகிதங்கள்

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ், கடன், நிலுவை அபராதம் எல்லாம் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இங்கே அந்த எண்ணையே துரு தின்றிருக்கும். படிக்க முடியாவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அலைச்சல்தான்.

கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. முழுப்பணம் கொடுக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். வெளிநாட்டுக்குப் போன உரிமையாளரின் வண்டியை அவர் மச்சான் விற்கிறார் என்றால், உரிமையாளர் ஊருக்கு வரும்வரை பொறுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

சொந்தக் காரின் பதிவு 15 வருடம் செல்லும், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது. 14 வயது வண்டியை மலிவாகத் தள்ளிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பி.ஒய். நம்பர் (புதுச்சேரிப் பதிவு) காரைக்கால் வண்டி என்றால் தமிழ்நாட்டு ஆயுட்கால வரியையும் கணக்கில் சேருங்கள்.

7. பேரம்

'வண்டி சரியில்லை' என்று பொதுவாகச் சொன்னால் யாரும் இறங்க மாட்டார்கள். 'அண்ணே, இடது ரன்னிங் போர்டு போயிருச்சு, டிங்கரிங் செலவைக் கழிச்சுச் சொல்லுங்க' என்று தொட்டுக் காட்டுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலோர ஊர்களில் கை இறுகியிருக்கும் நேரம், விலை படிய வாய்ப்பு அதிகம். அதற்காக அடிமாட்டு விலைக்குக் கேட்க எனக்கு மனசு வராது, அது உங்கள் இஷ்டம்.

வாங்கிய வாரமே அடிப்பாகத்துக்குத் துரு தடுக்கும் கோட்டிங் அடித்துவிடுங்கள். தனுஷ்கோடி, அரிச்சல்முனை போய் வந்தால் அன்றைக்கே அடியைக் கழுவ வேண்டும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் அல்ல, குடிக்கிற நல்ல தண்ணீரில். நான்கு குடம் போதும்.